சரக்கு வண்டியின் சாய்சதுரப் பலகை

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்து நண்பர்கள் கேட்டபோது, வழக்கம்போல் கல்வெட்டு பற்றியோ பழைய நூல் பற்றியோ எழுதுவேன் என்றுதான் நினைத்திருப்பார்கள். இந்த முறை லாரியின் முதுகில் இருக்கும் ஒரு பலகையைப் பற்றி எழுத எண்ணம். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அகமதாபாத்தில் ரசாயனப் பொருள் வியாபாரம் செய்கிறவன் நான். கல்லூரிப் படிப்பு கிடையாது. கடைக்கு வந்த சரக்கையும், அதோடு வந்த காகிதங்களையும் படித்துப் படித்துக் கற்றதுதான் எல்லாம். அதில் ஒரு பாடத்தை மிகத் தாமதமாகக் கற்றேன். அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

சென்ற ஆண்டு குடும்பத்தோடு காரில் மும்பைக்குப் போய்க்கொண்டிருந்தோம். மருமகள் ஓட்டினாள். பரூச் தாண்டியதும் முன்னால் ஒரு டேங்கர். "மாமா, முன்னாடி போற வண்டியில கை மேல ஏதோ ஊத்துற மாதிரி படம் போட்டிருக்கே, அது என்ன?" என்று கேட்டாள். "அமிலம்மா. கொஞ்சம் தள்ளியே வா" என்றேன். "இத்தனை வருஷமா இந்த ரோட்டில போறோம், இது படிக்கிற பலகைன்னே எனக்குத் தோணலை" என்றாள்.

அவள் சொன்னது நம்மில் பெரும்பாலோருக்கும் பொருந்தும். ஆனால் அந்தப் பலகை ஓட்டுநருக்காக எழுதியது அல்ல. வண்டியில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். முதலாளிக்காகவும் அல்ல. ஏதாவது நேர்ந்தால் அந்த இடத்தில் முதலில் நிற்கப்போகும் முன்பின் தெரியாத ஒருவருக்காக எழுதியது. அந்த ஒருவர் நீங்களாகவும் இருக்கலாம், நானாகவும் இருக்கலாம்.

மொழி தெரியாதவனுக்கு எழுதிய எழுத்து

வெளிமாநிலத்துக்கு வந்த நமக்கு இது எளிதில் புரியும். 1981-இல் நான் இந்த ஊருக்கு வந்தபோது பேருந்தின் பலகை குஜராத்தியில் இருந்தது, எண்ணும் குஜராத்தி எண். பக்கத்தில் நிற்பவரைக் கேட்காமல் ஏற முடியாது. படிக்கத் தெரிந்தவன்தான், ஆனாலும் படிக்காதவன் மாதிரிதான் நின்றேன். மருந்துக் கடையின் சிலுவைக் குறியும், மின்பெட்டி மேல் இருந்த மண்டையோடும் மட்டுமே எனக்குத் தமிழில் பேசின.

சரக்கு லாரிக்கும் இதே கதைதான். நாமக்கல் பதிவு எண் கொண்ட வண்டி குஜராத் சாலையில் போகிறது, குஜராத் வண்டி கர்நாடகத்தில் போகிறது. வண்டி கவிழும் கிராமத்தில் இருப்பவருக்கு ஆங்கிலம் தெரியாமல் இருக்கலாம். உதவிக்கு ஓடி வரும் பயணிக்கு உள்ளூர் மொழி தெரியாமல் இருக்கலாம். ஆகவே நிறமும் படமும் எண்ணும் சேர்ந்த ஒரு பொதுமொழி தேவைப்பட்டது. ஐக்கிய நாடுகள் அமைப்பின் வல்லுநர் குழு 1956-இல் முதல் பரிந்துரைகளை வெளியிட்டது. நாடுகள் பலவும் தத்தம் சட்டங்களை அதை ஒட்டியே அமைத்துக்கொண்டன.

சரக்கின் மேல் குறி இடுவது நமக்குப் புதிதல்ல. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் சுங்கம் கொள்வோர் மூட்டைகளின் மேல் சோழனின் புலிச் சின்னத்தைப் பொறித்த செய்தி பட்டினப்பாலையில் இருக்கிறது. பொதிகளின் மேல் உடையவர் பெயரும் எண்ணும் எழுதியிருந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. பெயர், எண், சின்னம் ஆகிய மூன்றும் அன்றே இருந்தன. ஆனால் ஒரு வேறுபாடு. அன்றைய குறி சரக்கு யாருடையது, வரி கட்டியதா என்று சொன்னது, அதாவது சரக்கைக் காத்தது. இன்றைய சாய்சதுரக் குறி சரக்கிடமிருந்து மனிதரைக் காக்கிறது.

ஒன்பது வகுப்புகள்

ஒரு முனையில் நிற்க வைத்த சதுரம்தான் இந்தக் குறி. மேல் பாதியில் படம், கீழ் முனையில் வகுப்பு எண். அபாயச் சரக்குகள் அனைத்தையும் ஒன்பது வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வசதியாக வரிசையாகத் தருகிறேன்.

வகுப்பு 1 வெடிபொருள். ஆரஞ்சு நிறம்.

வகுப்பு 2 வாயுக்கள். இதில் மூன்று பிரிவு. எரியும் வாயுவுக்குச் சிவப்பு, எரியாத நஞ்சற்ற வாயுவுக்குப் பச்சை, நச்சு வாயுவுக்கு வெள்ளை மேல் மண்டையோடு. நம் சமையல் எரிவாயு முதல் பிரிவு, குடிநீரில் கலக்கும் குளோரின் மூன்றாம் பிரிவு.

வகுப்பு 3 எரியும் திரவம். சிவப்பு மேல் தீச்சுடர். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், பெயின்டில் கலக்கும் தின்னர் எல்லாம் இங்கே.

வகுப்பு 4 எரியும் திடப்பொருள். சாதாரணமாகப் பற்றுவதற்குச் சிவப்பு வெள்ளைக் கோடுகள். தானாகவே பற்றிக்கொள்வதற்கு மேலே வெள்ளை, கீழே சிவப்பு. தண்ணீர் பட்டால் எரியும் வாயுவைக் கக்குவதற்கு நீலம். வெல்டிங் கடையில் பார்க்கும் கார்பைடு கல் நீலத்தைச் சேர்ந்தது. அதன் மேல் தண்ணீர் ஊற்றினால் தீக்கு நாமே விறகு கொடுத்த மாதிரி.

வகுப்பு 5 ஆக்சிஜனைத் தந்து பிற பொருளை எரியச் செய்பவை. மஞ்சள் மேல், வட்டத்தின் தலையில் சுடர். இதில் இன்னொரு பிரிவான கரிமப் பெராக்சைடுகளுக்கு மேலே சிவப்பு, கீழே மஞ்சள்.

வகுப்பு 6 நஞ்சும் நோய்க்கிருமியும். வகுப்பு 7 கதிரியக்கப் பொருள், மூன்று இதழ் கொண்ட சின்னம். வகுப்பு 8 அரிக்கும் பொருள், மேலே வெள்ளை, கீழே கறுப்பு, குழாயிலிருந்து கையின் மேலும் உலோகத்தின் மேலும் சொட்டும் படம். வகுப்பு 9 இவற்றில் அடங்காத பல்வகை, மேல் பாதியில் கறுப்புக் கோடுகள்.

வகுப்பு எண் பெரிதானால் ஆபத்து அதிகம் என்று நினைத்துவிட வேண்டாம். அது வகையைச் சொல்கிறது, அளவைச் சொல்லவில்லை.

நான்கு இலக்க எண்

வகுப்பு என்பது சாதிப் பெயர் மாதிரி என்றால், ஐ.நா. எண் என்பது ஆளின் பெயர். ஒவ்வொரு பொருளுக்கும் அல்லது ஒரே தன்மையுள்ள பொருள்களின் குழுவுக்கும் நான்கு இலக்கத்தில் ஒரு எண். பெட்ரோல் 1203, டீசல் 1202, மண்ணெண்ணெய் 1223, சமையல் எரிவாயு 1075, குளோரின் 1017, நீரற்ற அம்மோனியா 1005, கந்தக அமிலம் 1830, ஹைட்ரோகுளோரிக் அமிலம் 1789.

தீயணைப்பு நிலையத்துக்குத் தொலைபேசியில் "ஏதோ கேஸ் வண்டி" என்று சொல்வதற்கும் "1017" என்று சொல்வதற்கும் மலையளவு வேறுபாடு. எண்ணைக் கேட்டதும் என்ன உடை, என்ன சாதனம் எடுத்துக்கொண்டு புறப்பட வேண்டும் என்று அங்கே தெரிந்துவிடும்.

ஒரு இலக்கம் மாறினால் கதையே மாறிவிடும். 1075 எரிவாயு. 1073 குளிர்ந்த திரவ ஆக்சிஜன், 2021-இல் பெருந்தொற்றின் இரண்டாம் அலையின்போது மருத்துவமனைகளுக்காக இரவு பகலாக ஓடிய டேங்கர்களில் இருந்தது அதுதான். முன்னது தானே எரியும். பின்னது தான் எரியாது, ஆனால் பக்கத்தில் இருக்கும் எண்ணெய், துணி, தார் எல்லாவற்றையும் ஆவேசமாக எரிய வைக்கும். ஆகவே எண்ணை ஊகித்துச் சொல்லக் கூடாது, பார்த்துச் சொல்ல வேண்டும்.

சட்டம் சொல்வது

நம் நாட்டில் இதற்கான விதிகள் 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில், 129 முதல் 137 வரை உள்ளன. சாரத்தை மட்டும் சொல்கிறேன்.

அபாயச் சரக்கு ஏற்றிய வண்டியில் மூன்று இடங்களில் அவசரத் தகவல் பலகை இருக்க வேண்டும். இரண்டு பக்கங்களிலும் ஒவ்வொன்று, பின்புறம் ஒன்று. பலகையில் சரக்கின் சரியான தொழில்நுட்பப் பெயர் 50 மில்லிமீட்டருக்குக் குறையாத எழுத்தில், அதாவது இரண்டு அங்குல உயரத்தில் இருக்க வேண்டும். ஐ.நா. எண் 100 மில்லிமீட்டர், நான்கு அங்குலம். வகுப்புக் குறி 250 மில்லிமீட்டர் சதுரம், பத்து அங்குலம். இவற்றோடு அவசர உதவிக்கு அழைக்க வேண்டிய தொலைபேசி எண்ணும், சரக்கைப் பற்றி விவரம் சொல்லக்கூடியவரின் பெயரும் எண்ணும் இருக்க வேண்டும். பலகையை எதுவும் மறைக்கக் கூடாது, அழுக்குப் படியவும் விடக் கூடாது.

மூன்று பேருக்குப் பொறுப்பு உண்டு. சரக்கை அனுப்புகிறவர் அதைப் பற்றிய முழு விவரத்தையும் வண்டிக்காரரிடம் கொடுக்க வேண்டும். வண்டி உரிமையாளர் ஏற்ற வண்டியையும் சாதனங்களையும் தர வேண்டும், ஓட்டுநருக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். ஓட்டுநர் அந்த விவரத்தை எழுத்தில், 'டிரெம் கார்டு' என்று தொழிலில் சொல்லும் அட்டையாக, தன் இருக்கைப் பகுதியில் வைத்திருக்க வேண்டும். விபத்து நேர்ந்தால் உடனே அருகிலுள்ள காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். இந்த ஓட்டுநருக்கு எட்டாம் அட்டவணை மொழிகளில் ஒன்றும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், தனிப் பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும் என்று 9-ஆம் விதி சொல்கிறது.

பெட்ரோல் டேங்கர்களின் பலகையில் '3 ஒய் இ' போன்ற இன்னொரு குறியையும் பார்த்திருப்பீர்கள். 'ஹாஸ்கெம்' என்று பெயர். 1970-களில் லண்டன் தீயணைப்புப் படையில் உருவான முறை. முதல் எண் எதைக் கொண்டு அணைப்பது என்று சொல்லும். 1 என்றால் நீர்ப்பாய்ச்சல், 2 என்றால் நீர்த்தூவல், 3 என்றால் நுரை, 4 என்றால் தண்ணீரே படாத உலர் பொருள். நடு எழுத்து இரண்டு செய்தி சொல்லும். ஒன்று, வீரர் என்ன பாதுகாப்பு அணிய வேண்டும் என்பது. மற்றொன்று, சிந்திய பொருளை நீர் விட்டுக் கழுவலாமா, அல்லது சாக்கடையில் போகாமல் தடுத்து நிறுத்த வேண்டுமா என்பது. கடைசியில் 'இ' இருந்தால் சுற்றியுள்ள மக்களை வெளியேற்றுவது பற்றி உடனே முடிவு செய்ய வேண்டும் என்று பொருள். ஆக, பெட்ரோலுக்கு உரிய '3 ஒய் இ' சொல்வது இதுதான்: நுரை அடி, மூச்சுக் கருவி அணி, சாக்கடைக்குப் போக விடாதே, மக்களை அகற்று. மூன்று எழுத்தில் இத்தனை செய்தி!

என் கடையிலிருந்து போன சரக்கு

இனி நான் கற்ற பாடத்துக்கு வருகிறேன். 1994-ஆம் ஆண்டு. ராஜ்கோட்டில் வெள்ளி சுத்தம் செய்யும் ஒருவருக்கு அடர் நைட்ரிக் அமிலம் நான்கு கார்பாய் அனுப்ப வேண்டியிருந்தது. நான்கே நான்கு கேன்தானே என்று, துணி மூட்டையும் இரும்புச் சாமானும் ஏற்றிய ஒரு கலப்புச் சரக்கு லாரியில் போட்டு அனுப்பினேன். கேன்களின் மேல் எந்தக் குறியும் ஒட்டவில்லை. ஒட்டினால் லாரிக்காரர் வாடகை கூடக் கேட்பார், அல்லது ஏற்றவே மாட்டார். பில்லில் 'கெமிக்கல்' என்று மட்டும் எழுதினேன். விதிகள் வந்து ஐந்து ஆண்டு ஆகியிருந்தது. எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று நினைத்தேன்.

லிம்ப்டிக்கு அருகே சாலைப் பள்ளத்தில் இறங்கிய லாரியில் இரும்புச் சாமான் சரிந்து ஒரு கார்பாய் உடைந்தது. வண்டியின் கிளீனர் ராஜஸ்தானத்துப் பையன், பதினெட்டு வயது இருக்கும். சிந்தியது ஏதோ தண்ணீர் மாதிரி மருந்து, துணி பாழாகிவிடும் என்று பதறி, பக்கத்து மரவாடியிலிருந்து மரத்தூளை அள்ளிக்கொண்டு வந்து கொட்டினான். எண்ணெய் சிந்தினால் செய்கிற வேலைதான் அது. ஆனால் அடர் நைட்ரிக் அமிலம் அரிப்பது மட்டுமல்ல, மரத்தூள், வைக்கோல் போன்றவற்றோடு சேர்ந்தால் சூடாகிப் பழுப்பு நிற நச்சுப் புகையைக் கக்கும், தீயும் பிடிக்கலாம். குனிந்து கூட்டிய பையன் அந்தப் புகையை மூச்சு முட்டக் குடித்துவிட்டான்.

சாயங்காலம் கண் எரிச்சல், இருமல் என்று அந்த ஊர் மருத்துவரிடம் காட்டியிருக்கிறார்கள். அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன பொருள்?" ஓட்டுநருக்குத் தெரியவில்லை. பில்லைக் காட்டினார். கெமிக்கல். என் கடை எண் அதில் இருந்தது, ஆனால் ஏழு மணிக்குக் கடை பூட்டியாகிவிட்டது. மருத்துவர் கண்ணைக் கழுவி மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார். இந்தப் பழுப்புப் புகையின் குணம் என்னவென்றால், முதலில் லேசான இருமலோடு போய்விட்ட மாதிரி இருக்கும். பல மணி நேரம் கழித்துத்தான் நுரையீரலில் நீர் கட்டும். இரவு இரண்டு மணிக்குப் பையன் மூச்சுக்குத் தவிக்க ஆரம்பித்தான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கடையைத் திறந்தபோது தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. பெயரைச் சொன்னேன். அந்த மருத்துவர் கோபப்படவில்லை. "இந்தப் பெயர் நேற்று மாலை தெரிந்திருந்தால் அவனை என் பார்வையிலேயே வைத்திருப்பேன், வெளியே விட்டிருக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

பையன் பிழைத்தான். பத்து நாள் கழித்து ஊருக்குப் போனான். லாரி வேலைக்குத் திரும்பவில்லை, மாடிப்படி ஏறினாலே இளைக்கிறது என்று அவன் அண்ணன் வந்து சொன்னார். வைத்தியச் செலவு முழுவதையும் நான் கொடுத்தேன். அது பெருமையாகச் சொல்லத் தக்கது அல்ல.

சட்டப்படி அந்தக் கேன்களின் மேல் இரண்டு குறிகள் இருந்திருக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட ஆபத்துள்ள பொதிக்கு ஒவ்வொரு ஆபத்துக்கும் தனிக் குறி ஒட்ட வேண்டும் என்பது விதி. வகுப்பு 8-இன் கறுப்பு வெள்ளையும், வகுப்பு 5-இன் மஞ்சளும், 2031 என்ற எண்ணும். ஒன்றரை ரூபாய்ச் சீட்டு. மஞ்சள் குறியைப் படிக்கத் தெரிந்த ஒருவர் அங்கே இருந்திருந்தால் மரத்தூளைக் கொட்ட விட்டிருக்க மாட்டார். எண்ணைப் படித்திருந்தால் மருத்துவருக்கு மாலையிலேயே விடை கிடைத்திருக்கும்.

நான்கு மணி நேரம்

நம் வாசலில் ஓடும் தேசிய நெடுஞ்சாலை 48 எங்கே போகிறது தெரியுமா? டெல்லியில் புறப்பட்டு ஜெய்ப்பூர், அகமதாபாத், வதோதரா, சூரத், மும்பை, புணே, பெங்களூரு வழியாகச் சென்னையில் முடிகிறது. முன்பு 8 என்றும் 4 என்றும் வேறு எண்களில் இருந்த சாலைகளைச் சேர்த்து இந்த எண் கொடுத்திருக்கிறார்கள். அதாவது, ஊருக்குப் போக நமக்கு இருக்கும் சாலை இதுதான். ரசாயனத் தொழிற்பேட்டைகளான அங்கலேஷ்வரும் வாபியும் இதன் ஓரத்தில்தான் இருக்கின்றன.

இதே சாலையில், மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தில், 1987 அக்டோபர் 29 அன்று விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு பெட்ரோல் டேங்கரும் லாரியும் மோதின. டேங்கர் சாலையை விட்டு இறங்கிச் சாய்ந்தது, பெட்ரோல் கசிந்து தேங்கியது. காலை ஏழேகால் மணிக்கு அது வெடித்துத் தீப்பிடித்தது. சுற்றிக் கூடியிருந்தவர்கள் தீக்காயம் பட்டார்கள், சிலர் இறந்தார்கள். மோதல் வேறு, நான்கு மணி நேரம் கழித்து நேர்ந்த தீ வேறு, ஆகவே இழப்பீடு இல்லை என்ற வாதம் உச்ச நீதிமன்றம் வரை போனது. இரண்டும் ஒரே தொடர்தான், அந்தத் தீயும் வாகனத்தைப் பயன்படுத்தியதால் விளைந்த விபத்தே என்று 1991-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சட்ட நுணுக்கம் ஒருபுறம் இருக்கட்டும். என்னை உறுத்துவது அந்த நான்கு மணி நேரம். இன்றைய பலகை விதிகள் அப்போது வரவில்லை. ஆனால் பலகை இருந்தாலும் படிக்க ஆள் வேண்டுமே! 2017 ஜூன் 25 அன்று பாகிஸ்தானின் பகவல்பூர் பகுதியில் கவிழ்ந்த டேங்கரிலிருந்து பெட்ரோல் அள்ளக் கூடிய மக்களில் இருநூறு பேருக்கு மேல் மாண்டார்கள். நாடு எதுவானாலும் ஏழையின் குடம் ஒன்றுதான்.

சில நேரம் நான்கு நிமிடம்கூடக் கிடைக்காது. கேரளத்தின் கண்ணூர் அருகே சாலா என்ற ஊரில் 2012 ஆகஸ்ட் 27 இரவு எரிவாயு டேங்கர் கவிழ்ந்து வெடித்ததில் 20 பேர் இறந்தார்கள். 2024 டிசம்பர் 20 விடியற்காலை, இதே 48-ஆம் சாலையில், ஜெய்ப்பூர் அருகே பாங்க்ரோட்டாவில் திரும்பிக்கொண்டிருந்த எரிவாயு டேங்கர் மேல் லாரி மோதி, கசிந்த வாயு தீப்பிடித்துப் பேருந்து உட்படப் பல வண்டிகள் எரிந்தன, பலர் உயிரிழந்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் நின்று படிக்க முடியாது. சிவப்பையும் சுடரையும் தூரத்திலேயே கண்டு, இது எரிவாயு, திரும்பு என்று மனம் சொல்ல வேண்டும். அதற்கு முன்பே பழகியிருக்க வேண்டும்.

பொய் சொல்லும் பலகை

பலகை இல்லாத வண்டி ஊமை. தவறான பலகை உள்ள வண்டி பொய்சாட்சி. ஊமையை விடப் பொய்சாட்சி மோசம். போன வாரம் ஏற்றிய சரக்கின் பலகையோடு இந்த வாரம் வேறு சரக்கை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தந்தப் பயணத்தின் சரக்குக்கு உரிய சீட்டையே ஒட்ட வேண்டும் என்று விதி தெளிவாகச் சொல்கிறது. எப்போதும் பலகை இருந்தால் மக்கள் அதைப் பார்ப்பதையே விட்டுவிடுவார்கள்.

இன்னொன்று, காலி டேங்கர். உள்ளே பெட்ரோல் இல்லை என்று பலகையை மறைத்துவிடக் கூடாது. கழுவாத காலி டேங்கரில் ஆவி நிறைந்திருக்கும். திரவமாக இருக்கும்போது பெட்ரோல் எரியும், ஆவி காற்றோடு கலந்தால் வெடிக்கும். ஆகவே நன்றாகக் கழுவி ஆவி நீக்கும்வரை பலகை இருந்தே ஆக வேண்டும்.

குடும்பங்களுக்குச் சில சொற்கள்

முதலாவது, சாலையில் பலகை தெரிந்தால் அந்த வண்டியின் வாலைப் பிடித்துக்கொண்டு ஓட்டாதீர்கள். இடைவெளி விடுங்கள். முந்துவதானால் தெளிவான இடத்தில் சட்டென்று முந்திவிடுங்கள்.

இரண்டாவது, அப்படி ஒரு வண்டி கவிழ்ந்து கிடந்தால் படம் எடுக்கவோ வேடிக்கை பார்க்கவோ அருகில் போகாதீர்கள். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வண்டியை நோக்கி வீசும் திசையில், மேடான இடத்தில் தள்ளி நில்லுங்கள். எரிவாயு, பெட்ரோல் ஆவி, குளோரின் எல்லாமே காற்றைவிடக் கனமானவை, பள்ளத்தில் தேங்கும். டேங்கர் தீயில் சிக்கியிருந்தால் பெட்ரோலுக்கு 800 மீட்டர், எரிவாயுவுக்கு 1,600 மீட்டர் விலகச் சொல்கிறது வட அமெரிக்க அவசரநிலைக் கையேடு. தரையோடு வெண்பனி போலப் படர்ந்தால் அது பனியாக இருக்காது. அதற்குள் வண்டியை ஓட்டக் கூடாது.

மூன்றாவது, தூரத்தில் இருந்தபடியே கைபேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பலகையைப் படியுங்கள். 112-ஐ அழைத்து இடம், நான்கு இலக்க எண், குறியின் நிறமும் படமும், காயம்பட்டவர் உண்டா என்று வரிசையாகச் சொல்லுங்கள். எண் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே சொல்லுங்கள், படிப்பதற்காகக் கிட்டே போக வேண்டாம்.

நான்காவது, யாராவது புகையைச் சுவாசித்திருந்தால் இப்போது நன்றாக இருக்கிறார் என்று விட்டுவிடாதீர்கள். பொருளின் பெயரையோ எண்ணையோ ஒரு சீட்டில் எழுதி அவரோடு மருத்துவரிடம் அனுப்புங்கள். அந்தச் சீட்டு மருந்துக்குச் சமம்.

வியாபாரம் செய்யும் அன்பர்களுக்குத் தனியாக ஒன்று. நம் கடையிலிருந்து ஒரு கேன் போனாலும் அனுப்புகிறவர் நாம்தான். பில்லில் முழுப் பெயர் எழுதுங்கள், குறி ஒட்டுங்கள், இரவிலும் எடுக்கும் ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுங்கள். 1994-க்குப் பிறகு என் கடைச் சீட்டுகளில் வீட்டு எண் இருக்கிறது, இப்போது கைபேசி எண். தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன். இத்தனை ஆண்டுகளில் நள்ளிரவில் அது ஐந்தாறு முறைதான் அடித்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் மறுமுனையில் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "என்ன பொருள்?" சட்டென்று விடை சொல்ல முடிந்தது.

அடுத்த முறை ஊருக்குப் புறப்படும்போது, பின் இருக்கையில் இருக்கும் பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுங்கள். வழியில் காணும் சாய்சதுரங்களை எண்ணட்டும், வகுப்பைச் சொல்லட்டும். மும்பை போய்ச் சேர்வதற்குள் ஒன்பதில் ஐந்தாறாவது பழகிவிடும். என் மருமகள் இப்போது எனக்கே சொல்லிக் கொடுக்கிறாள். நலமே போய் நலமே திரும்புவோமாக.